இளஞ்சிவப்பு மலையூர் அல்பராசின்: ஆயிரம் பேர் காக்கும் ஆயிரம் ஆண்டுப் பெருமை

ஸ்பெயின் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது மாட்ரிட், பார்சிலோனா, கால்பந்து, காளைச் சண்டை. கடற்கரைப் பக்கம் கூட்டம் அலைமோதும் அதே நாட்டின் உட்பகுதியில், கிலோமீட்டர் கணக்கில் ஒரு மனிதரைக்கூடப் பார்க்க முடியாத நிலப்பரப்பும் இருக்கிறது. கிழக்கே அரகோன் மாநிலத்தில் உள்ள தெருவெல் மாகாணம் அப்படிப்பட்டது. ஏறக்குறைய 14,800 சதுர கிலோமீட்டர் பரப்பு. மக்கள்தொகையோ 1.4 லட்சத்துக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு சுமார் 9 பேர்தான்!

இந்த மாகாணத்தின் தலைநகரான தெருவெல்லில் இருந்து மேற்கே 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறது அல்பராசின். கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,170 மீட்டர் உயரம். வசிப்பவர்கள் ஆயிரம் பேர் அளவில். குவாதலவியார் என்ற ஆறு மலையை அரிவாள்போல வளைத்துக்கொண்டு ஓட, அந்த வளைவுக்குள் நிற்கும் பாறை முகட்டில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடுகள் எல்லாம் வெளிறிய செம்மண் நிறம். மாலை வெயில் படும்போது ஊரே இளஞ்சிவப்பாக மாறிவிடும். ஊருக்கு மேலே, வெற்று மலைச்சரிவில் கோட்டை மதில் ஒன்று தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகிறது.

'ஸ்பெயினின் அழகான கிராமங்கள்' என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இந்த ஊர் இருக்கும். ஆனால், இந்த அழகு தானாக நிலைத்துவிடவில்லை. இடிந்து விழ வேண்டிய ஊரை, அதன் மண்ணையும் மரத்தையும் கொண்டே நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்த ஊரின் சிறப்பு.

மாதாவுக்கு மட்டும் கட்டுப்பட்ட ஊர்

அல்பராசின் என்ற பெயர் அரபு வழியில் வந்தது. வட ஆப்பிரிக்காவில் இருந்து வந்த பெர்பர் குலம் ஒன்றின் பெயர் பனூ ரஸீன். 'ரஸீனின் மக்கள்' என்று பொருள். அதற்கு முன்பே இங்கே கன்னி மரியாளுக்கு ஒரு தேவாலயம் இருந்ததால், முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலும் ஊரை 'கிழக்கின் சாந்தா மரியா' என்றே அழைத்தார்கள். 'மேற்கின் சாந்தா மரியா' என்பது இன்றைய போர்ச்சுக்கல்லின் ஃபாரோ நகரம். மாதாவின் பெயரை அரபு மொழியிலும் விடாமல் வைத்திருந்தது அந்தக் காலம்.

11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோர்தோபா கலீஃபாவின் ஆட்சி சிதறியபோது, ரஸீன் குலத்தார் இங்கே தனி அரசு அமைத்தார்கள். 1104-ல் அல்மொராவியர்கள் அதை முடித்துவைத்தார்கள். கோட்டைப் பகுதியில் அகழ்ந்து கிடைத்த அந்தக் காலத்து மட்பாண்டங்களை, பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் இயங்கும் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். 1170 வாக்கில் முர்சியாவின் முஸ்லிம் மன்னர் இப்னு மர்தனீஷ், இந்த ஊரை நவார் நாட்டுக் கிறிஸ்தவப் பிரபு பெத்ரோ ரூயிஸ் தெ அசாக்ராவின் கையில் ஒப்படைத்தார். ஒரு பக்கம் காஸ்தீல், மறுபக்கம் அரகோன். இரண்டும் பெரிய அரசுகள். இரண்டுமே இந்த ஊரின்மேல் கண் வைத்திருந்தன. அசாக்ரா யாருக்கும் கப்பம் கட்டவில்லை. 'நான் புனித மரியாளின் ஊழியன், அல்பராசினின் தலைவன்' என்று அறிவித்துக்கொண்டார். மாதாவைத் தவிர வேறு யாருக்கும் தலைவணங்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம்! 1172-ல் ஊருக்கென்று தனி ஆயரும் வந்துவிட்டார்.

இரண்டு யானைகளுக்கு நடுவே இந்தச் சிற்றூர் நூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1284-ல் அரகோன் மன்னர் மூன்றாம் பெத்ரோ படையோடு வந்து முற்றுகையிட்டுத்தான் பிடிக்க முடிந்தது. 1300-ல் அரகோன் அரசோடு நிரந்தரமாக இணைந்தது. மலைமேல் ஏறும் அந்த மதிலைப் பார்த்தால், இவ்வளவு காலம் எப்படித் தாங்கினார்கள் என்பது புரிந்துவிடும். மதிலின் உச்சியில் நிற்கும் அந்தாதோர் கோபுரம், ரஸீன் குலத்தார் தனி அரசு அமைப்பதற்கு முந்தைய 10-ம் நூற்றாண்டுக் காவல் கோபுரம்.

சாய்ந்து நிற்கும் வீடுகள்

ஊருக்குள் நடப்பது ஒரு தனி அனுபவம். பாறை முகடு என்பதால் இடம் மிகக் குறைவு. அதனால் தரைத்தளத்தைச் சிறியதாகக் கல்லில் கட்டி, மேல்மாடிகளை ஒவ்வொன்றாகத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கீழே ஓர் அறை என்றால் மேலே ஒன்றரை அறை. எதிரெதிர் வீடுகளின் இறவாரங்கள் சில சந்துகளில் ஒன்றையொன்று தொட்டுவிடும் நெருக்கத்தில் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் தெரியும்.

மேல்மாடிகள் கனமாக இருந்தால் வீடு குப்புற விழுந்துவிடும் அல்லவா? அதற்குத்தான் மரச்சட்டம். மலையில் கிடைத்த பைன் மரத்தில் சட்டம் அடித்து, இடைவெளியைச் சிறு கற்களும் ஜிப்சமும் கொண்டு நிரப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் ஜிப்சம் கல்லைக் காளவாயில் சுட்டு, பொடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசுவது வழக்கம். அந்த மண்ணில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் பூச்சு சிவந்த நிறம் கொடுக்கும். வண்ணம் அடிக்காமலே ஊர் இளஞ்சிவப்பாக இருக்கும் ரகசியம் இதுதான்.

மோலினா வாசல் அருகே உள்ள 'ஹூலியானெத்தா வீடு' இந்தக் கட்டுமானத்துக்கு நல்ல உதாரணம். இந்த வீட்டில் நேரான கோடு என்று ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவர் ஒரு பக்கம், ஜன்னல் ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம். தள்ளாடும் பாட்டி கைத்தடியை ஊன்றி நிற்பதுபோல நிற்கிறது. ஆனால், உறுதியாக நிற்கிறது. சீரமைத்தவர்கள் அதன் கூனலை நிமிர்த்தவில்லை. இன்று கலைஞர்கள் வந்து தங்கிப் பணிசெய்யும் இல்லமாக அது மாறியிருக்கிறது.

சிவப்பு வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வீடு மட்டும் நீல நிறம். தென்கோடி அந்தலூசியாவில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளுக்குப் பிறந்த ஊர் ஏக்கம் வரக் கூடாது என்பதற்காக நீலம் அடித்தார்கள் என்று ஊர்க்கதை சொல்கிறார்கள். கதவுகளில் தட்டுவதற்காக மாட்டியிருக்கும் இரும்புப் பிடிகளையும் பார்க்க வேண்டும். பல்லி போலவும் குட்டி டிராகன் போலவும் கொல்லர்கள் வடித்திருக்கிறார்கள்.

கொத்தனார்கள் காப்பாற்றிய ஊர்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள். பழைய வீட்டைக் காப்பாற்றிப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். 1937 ஜூலையில், உள்நாட்டுப் போரின்போது இந்த ஊரின் தெருக்களிலேயே சண்டை நடந்தது. போர் முடிந்தபின் வறுமை. பிறகு வேலை தேடி சரகோசா, வலென்சியா, பார்சிலோனா என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். ஆள் இல்லாத வீட்டில் முதலில் கூரை ஒழுகும். விட்டம் உளுத்துப்போகும். அப்புறம் சுவர். 1961-ல் அரசு இந்த ஊரைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. அறிவிப்புப் பலகை மட்டும் ஒழுகும் கூரையை அடைத்துவிடாதே!

திருப்பம் வந்தது 1980-களின் இறுதியில். உள்ளூர் இளைஞர்களுக்குப் பழைய முறைக் கட்டுமான வேலையைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பட்டறை தொடங்கியது. கொத்து வேலை, தச்சு வேலை, இரும்பு வேலை, ஜிப்சம் பூச்சு எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1996-ல், மாநில அரசு, நகராட்சி, மறைமாவட்டம் உள்ளிட்டோர் சேர்ந்து 'சாந்தா மரியா தெ அல்பராசின்' அறக்கட்டளையை உருவாக்கினார்கள்.

இவர்கள் பிடித்துக்கொண்ட கொள்கைகள் எளிமையானவை. முதலாவது, எந்தப் பொருளில் கட்டினார்களோ அதே பொருளில் பழுதுபார்ப்பது. ஜிப்சம் சுவர் ஈரத்தை வாங்கி, திரும்ப வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி, மரச்சட்டம் உளுத்துவிடும். அவசரத்துக்குப் போட்ட சிமென்ட் நாளைக்கு வீட்டையே தின்றுவிடும். இரண்டாவது, சீரமைத்த கட்டடத்தைப் பூட்டி வைக்காமல் அதற்கொரு வேலை கொடுப்பது. ஆயர் மாளிகை இப்போது கருத்தரங்குகள் நடக்கும் இடம், கூடவே சமய அருங்காட்சியகம். பழைய கோபுரம் ஓவியக் கண்காட்சிக் கூடம். சில வீடுகள் தங்கும் விடுதிகள். அந்த வருமானம் பராமரிப்புக்குத் திரும்புகிறது. மூன்றாவது, வேலை செய்பவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருப்பது. ஊரைக் காக்கும் வேலையே ஊரில் சிலர் வாழ வழியாகிவிட்டது. கலைப்பொருள் சீரமைப்பு, தொல்லியல் போன்றவற்றைக் கற்க வெளியூர் மாணவர்களும் இங்கே வருகிறார்கள்.

16-ம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட எல் சல்வதோர் பேராலயத்தின் சீரமைப்பு இவர்களின் பெரிய பணிகளில் ஒன்று. பேராலயத்தின் பொக்கிஷங்களில் ஃபிளாண்டர்ஸ் நாட்டில் நெய்யப்பட்ட கிதியோன் கதைத் திரைச்சீலைகளும், ஸ்படிகத்தில் மீன் வடிவில் செய்த அழகிய கலம் ஒன்றும் உண்டு.

பாறையில் வெள்ளைக் காளைகள்

ஊரில் இருந்து சில கிலோமீட்டர் போனால் பைன் காடு. அதற்குள் சிவந்த மணற்பாறைகள் யானைக் கூட்டம்போல நிற்கின்றன. 'ரோதெனோ' என்பார்கள். கோட்டையும் மதிலும் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பாறைகளின் நிழலில் மனிதர்கள் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். காளைகள், மான்கள், வில்லேந்திய வேடர்கள். கிழக்கு ஸ்பெயினின் பாறை ஓவியங்களில் சிவப்பு நிறம்தான் அதிகம். இங்கேயோ வெள்ளை நிறத்தில் காளைகள்! நாவாசோ என்ற இடத்தில் உள்ள ஓவியங்கள் 1892-லேயே வெளியுலகுக்குத் தெரிந்துவிட்டன. கிழக்குக் கரையோர மாநிலங்களில் உள்ள 700-க்கும் மேற்பட்ட பாறை ஓவிய இடங்களை 1998-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இவையும் அதில் சேர்ந்தன.

இன்று இதே பாறைகளில் கயிறில்லாமல் ஏறும் விளையாட்டுக்காக உலகம் முழுவதிலும் இருந்து இளைஞர்கள் வருகிறார்கள். ஓவியங்களையும் பறவைகளையும் காக்கச் சில பகுதிகளில் ஏறத் தடை உண்டு.

மலையைக் குடைந்து போன தண்ணீர்

ரோமானியர்களும் இந்தப் பக்கம் கைவரிசை காட்டியிருக்கிறார்கள். குவாதலவியார் ஆற்றுத் தண்ணீரைச் சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள செயா என்ற ஊருக்குக் கொண்டுபோக, கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். இடையில் மலை வந்தால் சுற்றிப் போகவில்லை. மேலிருந்து கிணறுபோலக் குழிகள் இறக்கி, அடியில் ஒரு குழியையும் அடுத்த குழியையும் இணைத்துச் சுரங்கமாகக் குடைந்தார்கள். உளியின் தழும்புகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. சில பகுதிகளில் உள்ளேயே நடந்து பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் தண்ணீர் போன வழியில் குழந்தைகள் ஓடி விளையாடுவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

தண்ணீர் விஷயத்தில் இந்த மலைத்தொடர் கொடுத்துவைத்தது. குவாதலவியார் தெருவெல்லைத் தாண்டியதும் தூரியா என்று பெயர் மாற்றிக்கொண்டு, வலென்சியாவில் மத்தியதரைக் கடலில் கலக்கிறது. இதே மலைத்தொடரில் பிறக்கும் தாகஸ் நதியோ எதிர்த்திசையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, லிஸ்பனில் அட்லாண்டிக்கைச் சேர்கிறது. பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு வேறு வேறு.

ஆடுகளோடு போன ஆண்கள்

இந்த வீடுகளைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? ஆட்டு ரோமத்தில் இருந்துதான். மேய்ச்சல் மலை இது. ஆனால், குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அதனால் ஆண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே அந்தலூசியாவுக்கு நடையாகவே போவார்கள். போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வசந்தம் முற்றியபின்தான் திரும்புவார்கள். அதுவரை வீடு, தோட்டம், பிள்ளைகள், முதியவர்கள் எல்லாம் பெண்கள் பொறுப்பு. மலையில் உள்ள குவாதலவியார் கிராமத்தில் இந்த இடம்பெயர் மேய்ச்சலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு சில மேய்ப்பர்கள் இன்றும் அந்தப் பழைய பாதைகளில் நடக்கிறார்கள்.

காட்டை ஊர்கள் சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இங்கே அழியவில்லை. அல்பராசினும் சுற்றியுள்ள ஊர்களுமாக 23 ஊர்கள் சேர்ந்த 'அல்பராசின் சமூகம்' என்ற அமைப்பு, இடைக்காலத்தில் வேர்விட்டு இன்றும் பொதுக் காடுகளை நிர்வகிக்கிறது.

'தெருவெல் இருக்கிறது!'

இத்தனை பெருமை இருந்தும் இந்த வட்டாரத்தின் கவலை ஒன்றுதான்: ஆட்கள். தெருவெல்லில் இருந்து மாட்ரிடுக்கு நேரடி ரயில்கூடக் கிடையாது. 'எங்களை மறந்துவிட்டீர்கள்' என்று சொல்ல 1999-ல் 'தெருவெல் இருக்கிறது' என்ற பெயரில் மக்கள் இயக்கம் தொடங்கினார்கள். பெயரே ஒரு புகார் மனுதான். 2019 மார்ச் 31-ல், காலியாகிக்கொண்டிருக்கும் ஸ்பெயின் கிராமங்களின் மக்கள் மாட்ரிட் வீதிகளில் திரண்டார்கள். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் இந்த இயக்கம் ஓர் இடத்தை வென்றது. 2020 ஜனவரியில் 167-க்கு 165 என்று மயிரிழையில் பிரதமர் தேர்வானபோது, ஆதரவாக விழுந்த வாக்குகளில் தெருவெல்லின் அந்த ஒற்றை வாக்கும் ஒன்று. மறந்துபோன மாகாணத்தை அன்று நாடே திரும்பிப் பார்த்தது.

அல்பராசினுக்கு அக்கம்பக்கத்துக் கிராமங்களைவிடக் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கிறது. சுற்றுலா வருமானம் உண்டு. ஆனால், சுற்றுலாவுக்கும் ஒரு விலை இருக்கிறது. ஈஸ்டர் விடுமுறையில் சந்துகளில் தோளோடு தோள் உரச நடக்க வேண்டும். குளிர்காலத்தின் வார நாளில் அதே சந்தில் காலடிச் சத்தம் எதிரொலிக்கும். விருந்தாளிகள் ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் அடுப்பு மூட்டவும், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பவும், ஒழுகும் ஓட்டை மாற்றவும் ஆள் இருந்தால்தான் அது ஊர். ஜிப்சத்தைக் குழைக்கத் தெரிந்த கைகள் இருக்கும்வரை சுவர் நிற்கும். அந்தக் கைகள் ஊரிலேயே தங்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

போக விரும்புகிறவர்களுக்கு...

வலென்சியா, சரகோசா இரண்டில் இருந்தும் தெருவெல்லுக்கு ரயில் உண்டு. அங்கிருந்து சாலை வழிதான். வாடகை கார் எடுத்துக்கொண்டால் காட்டையும் கால்வாயையும் சேர்த்துப் பார்க்கலாம். வசந்த காலமும் இலையுதிர் காலமும் இதமானவை. கோடையிலும் இரவில் குளிரும். குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். தெருக்கள் எல்லாம் ஏற்ற இறக்கம், கற்கள் பாவிய தரை. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் மதில்மேல் ஏறுவதைத் தவிர்த்து, ஆற்றோரமாக ஊரைச் சுற்றிவரும் நடைபாதையில் நிதானமாக நடக்கலாம். வார நாளில் போய் ஓர் இரவாவது தங்குவது நல்லது. பூண்டு சேர்த்து வதக்கிய ரொட்டித் துணுக்குகளான 'மீகாஸ்', செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி, 'அல்மொஹாபனா' என்ற இனிப்பு ஆகியவை இந்த ஊரின் சுவைகள்.

தங்குகிறவர்களுக்கு ஒரு கதை இலவசம். அரகோன் இளவரசி தோன்யா பிளாங்கா, அண்ணியின் பொறாமை தாங்காமல் காஸ்தீலுக்குப் போகும் வழியில் இந்த ஊரில் தங்கினாளாம். ஊர்க் கோடியில் உள்ள கோபுரத்துக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. மனம் உடைந்து அங்கேயே இறந்துபோனாள் என்கிறார்கள். பௌர்ணமி நள்ளிரவில் வெள்ளை உருவமாக இறங்கி வந்து ஆற்றில் குளிப்பதாகவும் நம்பிக்கை. அறக்கட்டளை ஓவியக் கண்காட்சிகள் நடத்துவது அந்தக் கோபுரத்தில்தான். இளவரசி பகலில் வந்தால், வேடிக்கை பார்க்க நல்ல படங்களும், 'நல்வரவு' சொல்ல நாலு பேரும் அங்கே இருப்பார்கள்.